நேரலையில் சதுரங்கம்: எதிரே இருப்பவருக்குத் தெரியாமல் எதுவும் நடக்கக்கூடாது

யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் கற்பிக்கிறேன். பாடசாலைப் போட்டிகளில் நடுவராகவும் இருக்கிறேன். மாணவர்கள் பலர் இணையத்தில் தாங்கள் ஆடும் ஆட்டங்களை நேரலையாக ஒளிபரப்பத் தொடங்கியிருக்கிறார்கள். அதில் எது முறை, எது முறையில்லை என்று அவர்களும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கொக்குவில் மாணவர்: சேர், மூன்று நிமிட ஆட்டமொன்றை நேரலையில் ஆடிக்கொண்டிருந்தேன். நண்பன் ஒருவன் அரட்டையில் "குதிரையை எஃப்5க்கு வை" என்று எழுதிவிட்டான். நானும் அதைத்தான் யோசித்திருந்தேன். வைத்தேன், வென்றேன். இது அளாப்பலா?

தம்பி, நீங்கள் அதையே யோசித்திருந்தீர்கள் என்று நான் நம்புகிறேன். எதிரே ஆடியவர் ஏன் நம்பவேண்டும்? அவர் எங்கோ ஓர் அறையில் தனியாக இருந்து உங்களோடு ஆடினார். உங்கள் பக்கத்தில் எத்தனை பேர் கூடியிருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. செஸ்.கொம், லிசெஸ் என்ற இரண்டு இணையச் சதுரங்கத் தளங்களிலும் அடிப்படை விதி ஒன்றுதான்: ஆட்டம் முடியும்வரை என்ஜினின், அதாவது நல்ல நகர்வைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி நிரலின், உதவியும் கூடாது, இன்னொரு மனிதரின் உதவியும் கூடாது. நண்பன், பயிற்றுநர், தகப்பன், முகம் தெரியாத பார்வையாளர் எல்லோரும் அந்த இன்னொரு மனிதர்தான். நீங்கள் கேட்டு வாங்கவில்லை என்பது உங்கள் மனதுக்கு ஆறுதல். பலகையில் அதற்குப் பெறுமதி இல்லை.

நகர்வின் பெயரைச் சொன்னால்தான் உதவி என்று நினைத்துவிடாதீர்கள். தான் ஏமாற்ற நினைத்தால் நகர்வுகளைக்கூட யாரும் சொல்லித்தரத் தேவையில்லை, "இங்கே ஒரு வாய்ப்பு இருக்கிறது" அல்லது "இங்கே கவனம்" என்று ஆட்டத்தில் ஓரிரு தடவை தெரிந்தாலே போதும் என்று முன்னாள் உலகச் சாம்பியன் மக்னஸ் கார்ல்சன் ஒரு நேர்காணலில் சொல்லியிருக்கிறார். ஆகவே அரட்டையில் வரும் ஒரு "ஐயோ!" கூட உதவிதான். அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் நீங்கள் கையை நிறுத்தி இன்னொரு முறை பலகையைப் பார்ப்பீர்கள் அல்லவா?

செய்யவேண்டியது இதுதான். தரப்புள்ளி (வெற்றி தோல்விக்கேற்ப ஏறி இறங்கும் புள்ளி) சேரும் ஆட்டம் நடக்கும்போது அரட்டை உங்கள் கண்ணில் படவே கூடாது. அந்தச் சாளரத்தை மூடிவிடுங்கள். கைத்தொலைபேசியில் பார்ப்பதானால் அதைக் கவிழ்த்து வையுங்கள். ஓர் ஆட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் எல்லாவற்றையும் வாசித்துப் பதில் சொல்லலாம். நம்பிக்கையான ஒருவரை, அரட்டையைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநராக வைத்து, நகர்வு எழுதுபவர்களை முதல் தடவை எச்சரிக்கவும் மறுதடவை தடைசெய்யவும் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால்? எனது கருத்து, எந்தத் தளமும் இப்படிச் செய் என்று கட்டாயப்படுத்தவில்லை: நடந்ததை நேரலையிலேயே வாய்விட்டுச் சொல்லி, தோல்வியை ஏற்றுக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குப் போங்கள். சில புள்ளிகள் போகும், போகட்டும். உங்கள் பார்வையாளர்கள் அதற்குப் பிறகு எழுதுவதற்கு முன் யோசிப்பார்கள்.

இணுவில் மாணவி: பார்ப்பவர்களுக்கு விளங்கட்டும் என்று என் ஆட்டத்துக்குப் பக்கத்தில் யார் முன்னணியில் என்று காட்டும் என்ஜினின் மதிப்பீட்டுப் பட்டையைக் காட்டலாமா? நான் அந்தப் பக்கம் பார்க்கமாட்டேன்.

கூடாது தங்கச்சி. சொந்த ஆட்டம் நடக்கும்போது எந்தத் திரையிலும் கூடாது. பக்கத்தில் இருந்து வர்ணனை செய்யும் தோழி அந்தப் பட்டையைப் பார்த்தாலும் கூடாது. அவருடைய குரல் ஏறி இறங்குவதிலேயே உங்களுக்கு எல்லாம் விளங்கிவிடும். ஆட்டம் முடிந்ததும் என்ஜினைப் போட்டு அலசுங்கள். மற்றவர்களின் போட்டியை நீங்கள் வர்ணிக்கும்போது பட்டை தாராளமாக இருக்கலாம்.

பருத்தித்துறையிலிருந்து ஒருவர்: எதிராளி என் நேரலையைத் திறந்துவைத்துக்கொண்டு என் திட்டங்களைக் கேட்டபடி ஆடுகிறார் என்று சந்தேகம். எவ்வளவு தாமதம் வைத்தால் போதும்?

முதலில் எதை மறைக்கிறோம் என்று பாருங்கள். லிசெஸ்ஸில் ஓர் ஆட்டம் நடக்கும்போதே எவரும் அதைப் பார்க்கலாம். ஆகவே காய்கள் நிற்கும் நிலை இரகசியமல்ல. இரகசியம் உங்கள் வாயிலிருந்து வருவது: "அவர் கோட்டையை எடுத்தால் நான் மாட்டிக்கொள்வேன்" என்பது.

யூரியூப்பின் நேரலைக் கட்டுப்பாட்டுப் பக்கத்திலேயே 30 அல்லது 60 விநாடி தாமதம் வைக்கலாம். நேரலை அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருளில் நீங்கள் விரும்பிய அளவுக்கு வைக்கலாம். மூன்று நிமிட ஆட்டத்தில் 60 விநாடி போதும். நீங்கள் சொன்னது எதிராளியின் காதுக்குப் போகும்போது பலகை மாறியிருக்கும். அரட்டையில் வரும் குறிப்பும் அப்படியே பழசாகிவிடும் என்பது கூடுதல் நன்மை. பதினைந்து நிமிட ஆட்டத்தில் 60 விநாடி எதற்கும் காணாது, ஒரே நகர்வுக்கு மூன்று நான்கு நிமிடம் யோசிப்பீர்கள். 2022 செப்டெம்பரில் அமெரிக்காவில் நடந்த சின்க்ஃபீல்ட் கோப்பையிலிருந்து கார்ல்சன் விலகி, ஏமாற்றுச் சந்தேகம் கிளம்பியபின், அங்கே ஒளிபரப்பையே 15 நிமிடம் பிந்தித்தான் வெளியிட்டார்கள். அது நேரே அமர்ந்து ஆடிய போட்டி.

தாமதம் கூடினால் பார்வையாளரோடு உரையாடுவது குழம்பும் என்பது உண்மை. அதனால் நான் மாணவர்களுக்குச் சொல்வது: நீண்ட ஆட்டங்களில் பொதுவான எண்ணங்களை மட்டும் பேசுங்கள், கணக்கிட்ட வரிசைகளை நகர்வு முடிந்தபின் சொல்லுங்கள். எதிராளி உங்கள் நேரலையைப் பார்த்தால் தவறு அவருடையதுதான். ஆனால் நாம் கதவைத் திறந்துவிட்டு ஆடத் தேவையில்லை. இன்னொன்று, உங்கள் எதிராளியும் நேரலையில் இருக்கிறார் என்று தெரிந்தால் ஆட்டம் முடியும்வரை அவருடைய பக்கத்தைத் திறக்காதீர்கள்.

மானிப்பாயிலிருந்து ஒரு பழைய மாணவர் சங்க உறுப்பினர்: பாடசாலைக்கு நிதி சேர்க்க, ரொறன்ரோ, லண்டன் பழைய மாணவர்கள் நேரலையில் வாக்களித்து ஒரு பலமான ஆட்டக்காரரோடு ஆடும் நிகழ்ச்சி வைக்க நினைக்கிறோம். பார்வையாளர் உதவி கூடாதென்றால் இதுவும் கூடாதா?

ஐயா, தாராளமாக வையுங்கள். 1999இல், உலகச் சாம்பியன் பட்டம் வென்ற கஸ்பரோவ் உலகத்துக்கு எதிராக ஆடினார். 75க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 50,000க்கும் அதிகமானோர் இணையத்தில் வாக்களித்து நகர்வுகளைத் தெரிவுசெய்தார்கள். 62 நகர்வுகளில் கஸ்பரோவ் வென்றார். அத்தனை பேர் கூடி யோசித்தும் அதில் ஒரு பொட்டுக் களவில்லை, ஏனென்றால் யாரோடு ஆடுகிறோம் என்பது அவருக்கு முதலே தெரியும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் 2021 ஜூனில் நடந்ததை வைத்துப் பாருங்கள். கொரோனாக் காலத்தில் நிதி சேர்ப்பதற்காக விஸ்வநாதன் ஆனந்த் பிரபலங்களோடு இணையத்தில் ஆடினார், நேரலையாகவே. தொழிலதிபர் நிகில் காமத் அவரை வென்றார். பிறகு, ஆட்டத்தை அலசியவர்களும் கணினியும் தனக்கு உதவியதாக அவரே ஒப்புக்கொண்டார். நோக்கம் நல்லதுதான், பணமும் நல்ல காரியத்துக்குத்தான் போனது. ஆனால் ஆனந்துக்குத் தெரியாது. ஐந்து முறை உலகச் சாம்பியனான மனிதர், எதிரே இருப்பது ஒரு மனிதரின் மூளை மட்டும் என்று நம்பிப் பலகையில் வந்த நிலையை ஆடிக்கொண்டிருந்தார். எனக்கு அது இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆகவே விருந்தினராக வரும் ஆட்டக்காரருக்கு முதலே எழுத்தில் அறிவியுங்கள், தரப்புள்ளி சேராத ஆட்டமாக வையுங்கள், வாக்களிப்பவர்கள் என்ஜின் பாவிக்கலாமா இல்லையா என்பதையும் அவரோடு பேசித் தீர்மானியுங்கள்.

சாவகச்சேரியிலிருந்து ஒரு தாய்: பன்னிரண்டு வயது மகன் நேரலை செய்யக் கேட்கிறான். விடலாமா?

அம்மா, 2025 ஜூலை முதல் யூரியூப்பில் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் தனியாக நேரலை செய்ய முடியாது. பெரியவர் ஒருவர் படத்தில் தெரியும்படி கூட இருக்கவேண்டும். அப்படி இருக்கப்போகிற உங்களுக்குத்தான் நான் சொல்லவேண்டியது கூட இருக்கிறது. போட்டி மண்டபத்தில் பெற்றோரைத் தள்ளி நிறுத்திவிடுவோம். வீட்டில் அந்தக் கோடு இல்லை. பிள்ளை இராணியைப் பறிகொடுக்கப் போகிறது என்று தெரிந்தால் மூச்சை இழுக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அடக்கிக்கொள்ளுங்கள். இப்போதைக்கு லிசெஸ்ஸில் சிறுவர் முறையைப் போட்டுவிடுங்கள், அதில் மற்றவர்களோடு செய்தி, அரட்டை ஒன்றும் இருக்காது. நேரலைக்கு இன்னும் காலம் இருக்கிறது.

நல்லூர் இளைஞர்: என்னைவிடப் புள்ளி குறைந்த ஒருவர் நேரலையில் என்னை நொறுக்கிவிட்டார். பார்த்தவர்கள் எல்லோரும் "கள்ளன்" என்று எழுதினார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். சொல்லலாமா?

சொல்லாதீர்கள். முறைப்பாட்டுப் பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போங்கள். ஓர் ஆட்டத்தை வைத்து எவரையும் தீர்மானிக்க முடியாது. தளங்கள் பல ஆட்டங்களின் நகர்வுகளையும் நேரத்தையும் சேர்த்துத்தான் பார்க்கின்றன. 2023 நவம்பரில் முன்னாள் உலகச் சாம்பியன் கிராம்னிக், அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் நகமுரா 46 ஆட்டங்களில் 45.5 புள்ளி எடுத்ததைச் சந்தேகத்துக்குரியதாகக் காட்டினார். செஸ்.கொம் ஆராய்ந்து, ஏமாற்றியதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்றது. உலகச் சாம்பியனாக இருந்தவரின் கண்ணே தவறும்போது, அரட்டையில் இருக்கும் நாற்பது பேருக்கு என்ன தெரியும்?

கிராம்னிக் ஆதாரம் நிறுவாமல் சந்தேகித்த இன்னொருவர் டேனியல் நரோடிட்ஸ்கி. நேரலை வழியாகவே ஆயிரக்கணக்கானோருக்குச் சதுரங்கம் கற்பித்தவர். தான் நன்றாக ஆடினாலே மற்றவர்கள் தப்பாக நினைக்கிறார்கள் என்று தன் கடைசி நேரலையில் வேதனைப்பட்டார். 2025 அக்டோபரில், 29 வயதில் காலமானார். அவருடைய வகுப்புகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நம்மூரிலும் இருக்கிறார்கள். நேரலையில் ஒருவரைக் கள்ளன் என்று சொன்னால் அந்தப் பதிவு இணையத்தில் கிடக்கும். பிறகு நீங்கள் கேட்கும் மன்னிப்பு அதைப் பார்த்தவர்கள் எல்லோரையும் போய்ச் சேராது. பார்வையாளர்கள் எழுதினாலும் அழிக்கச் சொல்வது உங்கள் கடமை.

வேலணை மாணவர்: நேரலை செய்யும்போது இணைப்பு அறுந்து, நேரம் முடிந்து தோற்றுவிடுகிறேன். எதிராளி சமநிலை தரவேண்டாமா?

வேண்டியதில்லை. 2020 இணைய ஒலிம்பியாட் இறுதியில் இணையக் கோளாறால் இந்திய வீரர்கள் நேரம் முடிந்து தோற்க, உலகச் சதுரங்கச் சம்மேளனமான பிடே அமைப்பு இந்தியாவையும் ரஷ்யாவையும் கூட்டுச் சாம்பியன்களாக அறிவித்தது. அது உலகெங்கும் பாதித்த கோளாறு. உங்கள் வீட்டு இணைப்பு உங்கள் பொறுப்பு. படத்தின் தரத்தைக் குறைத்து அனுப்பிப் பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால் பதிவுசெய்து பிறகு ஏற்றுங்கள்.

கரவெட்டி மாணவர்: புதிய கணக்கொன்றைத் திறந்து அடியிலிருந்து ஏறிக் காட்டும் தொடர் செய்யலாமா?

தளத்தின் அனுமதி இல்லாமல் வேண்டாம். செஸ்.கொம் தளத்தில் அனுமதி பெற்று அப்படிச் செய்பவர்களிடம் தோற்றவர்களுக்கு, இழந்த புள்ளிகளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். நீங்கள் சொந்தமாகத் தொடங்கினால், இப்போதுதான் கற்கத் தொடங்கிய பிள்ளைகளின் புள்ளியைப் பறித்ததுதான் மிச்சம்.

சுன்னாகம் மாணவி: ஸூம் கமராவோடு நடக்கும் இணையப் போட்டியில் ஆடப்போகிறேன். என் ஆட்டங்களை நேரலை செய்யலாமா?

நடுவரிடம் கேளுங்கள், போட்டிக்கு முதல்நாளே, எழுத்தில். விதிமுறையில் ஒன்றும் சொல்லப்படவில்லை என்றால் அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பதில் வராவிட்டால் ஆட்டங்களை மட்டும் ஆடுங்கள். எல்லாச் சுற்றுகளும் முடிந்தபின் உங்கள் ஆட்டங்களை அலசி ஒரு காணொளி போடலாம், நானும் பார்ப்பேன்.