வெளிநாட்டில் சில ஆண்டுகள் வாழ்ந்துவிட்டுத் திரும்பியவருக்குச் சொந்த வீடே அந்நியமாகத் தோன்றுவது ஏன்? இது எப்போது சரியாகும்?

திரும்பி வந்து சில மாதங்கள் ஆகிவிட்டன, வீட்டில் எல்லாரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள், ஆனாலும் விருந்தாளி போலவே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களிடமோ உங்கள் குடும்பத்திடமோ எந்தக் கோளாறும் இல்லை. நானும் அந்தக் கட்டத்தைக் கடந்து வந்தவன்தான்.

இதை ஆராய்ந்தவர்கள் உண்டு. அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் கல்வி உதவித்தொகையில் அமெரிக்கா சென்று திரும்பிய நார்வே நாட்டவரிடம் பேசி, 1955இல் லிஸ்கார்ட் என்ற சமூகவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். வெளிநாடு போகிறவரின் மனம் முதலில் உற்சாகமாக இருக்கிறது, பிறகு சோர்ந்து சரிகிறது, அப்புறம் மெல்லத் தேறுகிறது என்பது அவர் கண்டது. வீடு திரும்பிய பிறகும் அதே போன்ற சரிவு இன்னொரு முறை வருகிறது என்று 1963இல் ஆய்வாளர்களான கல்லஹார்ன் தம்பதியர் அதை நீட்டித்தார்கள். எல்லாருக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்துவதில்லை என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தும் இருக்கிறார்கள். ஆனால் இரண்டாவது சரிவு என்று ஒன்று உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் அனுபவத்தில் இரண்டாவதுதான் கடினம். வெளிநாட்டில் நாம் புதியவர் என்று எல்லாருக்கும் தெரியும். வழி கேட்டால் சொல்வார்கள், தடுமாறினால் பொறுத்துக்கொள்வார்கள். வீட்டில் அந்தச் சலுகை கிடையாது. இவன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், இவனுக்கு என்ன பழக வேண்டியிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். நாமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு விமானம் ஏறுகிறோம்.

போரிலிருந்து வீடு திரும்பும் வீரர்களை மனத்தில் வைத்து 1945இல் ஆல்ஃபிரட் ஷூட்ஸ் என்ற சமூகவியலாளர் எழுதியதும் இதைத்தான் தொடுகிறது. பிரிந்திருக்கும் காலத்தில் போனவரும் மாறுகிறார், வீடும் மாறுகிறது. ஆனால் இருவர் மனத்திலும் பழைய படமே தங்கிவிடுகிறது. அன்று கடிதம், இன்று வீடியோ அழைப்பு. தினமும் முகம் பார்த்துப் பேசினாலும் நாம் சொல்வதும் கேட்பதும் செய்திகளை மட்டுமே. குளியலறைக் குழாயை எந்தப் பக்கம் திருப்பினால் ஒழுகாது என்பதை யாரும் தொலைபேசியில் சொல்வதில்லை.

வந்த புதிதில் ஒரு மாலை, பள்ளிப் படிவத்தில் கையெழுத்து வாங்க என் மகன் அறைக்குள் வந்தான். நான் பேனாவை எடுத்தேன். அவன் என்னைத் தாண்டிப் போய், உள்ளே வேலையாக இருந்த அம்மாவிடம் நீட்டினான். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். இருவரும் என்னைப் புறக்கணிக்கவில்லை. அத்தனை ஆண்டுகளும் கையெழுத்துப் போட்டது அவள்தானே! எனக்கு வலித்தது என்னவோ உண்மை. ஆனால் நான் இல்லாதபோது வீட்டைத் தாங்கிப் பிடித்தது அந்தப் பழக்கம்தான் என்பதும் அன்று புரிந்தது.

ஆகவே பழைய இடத்தைக் கேட்டு வாங்காதீர்கள். இன்றைய வீட்டில் ஒரு வேலையை முழுவதுமாக ஏற்றுக்கொள்ளுங்கள். நான் எடுத்துக்கொண்டது என் அம்மாவின் மாத்திரைப் பெட்டி. வாரத்துக்கு ஒரு முறை ஏழு நாள் அறைகளையும் நிரப்புவேன். எதைப் பாதியாக உடைக்க வேண்டும், எது சாப்பாட்டுக்கு முன், எது தீரப்போகிறது என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பார். அந்தப் பேச்சோடு பேச்சாக, நான் இல்லாத ஆண்டுகளில் நடந்த எத்தனையோ விஷயங்கள் வெளியே வந்தன. வீட்டாரைக் கூட்டி உட்காரவைத்து விசாரித்திருந்தால் அவற்றில் பாதிகூடக் கிடைத்திருக்காது.

துணைவரிடம் தனியாகப் பேசுங்கள். நீங்கள் திரும்பியதில் அவருக்கு மகிழ்ச்சி இருக்கும். கூடவே, தானே முடிவெடுத்து நடத்திய வாழ்க்கையில் இன்னொருவருக்கு இடம் விட வேண்டிய சுமையும் இருக்கும். அதைச் சொல்ல அவருக்குத் தயக்கம் இருக்கலாம், நீங்களே கேளுங்கள். அங்கே இப்படி இல்லை என்ற ஒப்பீட்டைச் சாப்பாட்டு நேரத்தில் தவிர்த்துவிடுங்கள். அதற்காக அந்த ஆண்டுகளை மூடி வைக்கவும் வேண்டாம். அதே போலப் போய் வந்த ஒருவர் கிடைத்தால் மனம் விட்டுப் பேசலாம். குழந்தைகள் அங்கே வளர்ந்திருந்தால் அவர்களுக்கு இது திரும்பி வருவதே அல்ல, புது இடத்துக்குப் போவது. அவர்களிடம் இன்னும் பொறுமை தேவை.

எப்போது சரியாகும் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. படிப்படியாகக்கூட இல்லை, நன்றாக இருந்த வாரத்துக்குப் பின் மோசமான வாரம் வரும். தூக்கம், பசி, எதிலும் ஈடுபாடு எல்லாம் தொடர்ந்து இரண்டு வாரங்களுக்கு மேல் குறைந்திருந்தால் மருத்துவரைப் பாருங்கள், அதைப் பழகும் சிரமம் என்று தள்ளிப்போடாதீர்கள். மறுபடி வெளிநாட்டுக்கே போய்விடலாமா என்ற எண்ணமும் வரும். போவது தவறில்லை. ஆனால் இந்தச் சரிவில் இருக்கும்போது அந்த முடிவை எடுக்காதீர்கள்.