கிட்னியில 14 மிமீ கல்லு, ஷாக் வேவ் பண்றதா லேசர் பண்றதா?

ஒரு டாக்டர் வெளியில இருந்தே ஷாக் வேவ் குடுத்து உடைச்சிடலாம்ங்கறார், இன்னொருத்தர் ஸ்கோப், அதாவது கேமரா வச்ச மெல்லிசான குழாய், உள்ள விட்டு லேசர்தான் பண்ணணும்ங்கறார், யார நம்பறதுன்னு கேட்டிருக்கீங்க. நான் டாக்டர் இல்ல, லேசர் பண்ணிக்கிட்டு உள்ள ஸ்டென்ட்ங்கற டியூபோட நடமாடினவன், அதுக்கு முன்னாடி என் யூராலஜிஸ்ட்ட கேள்வி கேட்டே துளைச்சவன். என்னைக் கேட்டா ரெண்டு பேர் சொல்றதுமே சரியா இருக்கலாம், ஏன்னா 14 மிமீங்கற ஒரு நம்பர மட்டும் வச்சு இத முடிவு பண்ண முடியாது, கல்லு எங்க உக்காந்திருக்கு, எவ்ளோ கெட்டி, இந்த ரெண்டும் வேணும்.

உங்க சிடி ஸ்கேன் ரிப்போர்ட்ட எடுத்துப் பாருங்க. லோயர் போல், இல்ல லோயர் கேலிக்ஸ்னு போட்டிருந்தா கல்லு கிட்னியோட அடிப்பக்கம் கிடக்குன்னு அர்த்தம். ஷாக் வேவ்ல அது உடைஞ்சாலும் தூள் மேல ஏறித்தான் வெளிய வரணும், அதனால நிறைய அங்கேயே தங்கிடும். அடுத்து ஹெச்யுன்னு ஒரு நம்பர் இருக்கும், அது கல்லோட அடர்த்தி, 1000க்கு மேல போச்சுன்னா ஷாக் வேவுக்கு அவ்ளோ சீக்கிரம் மசியாது. உடம்பு கொஞ்சம் பருமனா இருந்து தோலுக்கும் கல்லுக்கும் தூரம் அதிகமா இருந்தாலும் அதே கதைதான். கர்ப்பமா இருக்கறவங்களுக்கும், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டு அத நிறுத்த முடியாதவங்களுக்கும் ஷாக் வேவ் பண்ணவே மாட்டாங்க. இதுல எதுவும் இல்லாம கல்லு மேல் பக்கமோ நடுவுலயோ இருந்து ஹெச்யுவும் கம்மின்னா ஷாக் வேவ் ரொம்ப நல்ல வழி, உள்ள எதையும் விட வேண்டியதில்ல, பெரும்பாலும் அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம், ஆனா ரெண்டாவது தடவை குடுக்க வேண்டி வரலாம்னு முன்னாடியே மனச தயார் பண்ணிக்கோங்க. 1980ல ஜெர்மனியில மியூனிக்ல முதல் நோயாளிக்கு பண்ணினது, இன்னைக்கும் ஓடிட்டிருக்கு.

லேசர்ல ரெண்டு வகை இருக்கு. கல்லு யூரேட்டர்ல, அதாவது கிட்னியில இருந்து மூத்திரப்பைக்கு வர்ற குழாயில மாட்டியிருந்தா விறைப்பான ஸ்கோப்லயே பெரும்பாலும் எட்டிடுவாங்க. கிட்னிக்குள்ளயே இருந்தா வளையற ஸ்கோப், அதத்தான் ஆர்ஐஆர்எஸ்ங்கறாங்க, எனக்குப் பண்ணினது அதான். யூரின் போற வழியாவே ஏத்தறதால தையலே கிடையாது. ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல உள்ள கல்லுன்னா முதுகுப் பக்கம் சின்னதா ஒரு துளை போட்டு எடுக்கற பிசிஎன்எல்தான் முதல் வழி, அதுல ரத்தக்கசிவு ஆபத்து கொஞ்சம் கூட, ஆனா பெரிய கல்ல ஒரே தடவையில முடிக்கறதுக்கு அத மிஞ்ச எதுவும் இல்ல. உங்களோடது கீழ்ப்பக்கம் இருக்கற கெட்டிக் கல்லுன்னா லேசர் சொன்ன டாக்டர் பக்கம்தான் நான் நிப்பேன்.

ஆனா தழும்பு இல்லைன்னதும் ஈசின்னு நினைச்சுடாதீங்க. லேசருக்கு அப்புறம் நிறைய பேருக்கு டிஜே ஸ்டென்ட் வச்சுத்தான் அனுப்புவாங்க, வீக்கத்துல குழாய் அடைச்சுக்காம இருக்க கிட்னியில இருந்து மூத்திரப்பை வரைக்கும் போற மெல்லிசான டியூப், ரெண்டு முனையும் சுருண்டு இருக்கும். எனக்கு ஆபரேஷன விட இதுதான் பெரிய அனுபவம். யூரின் போய் முடிக்கற நேரத்துல விலாப் பக்கம் சுரீர்னு ஒரு வலி மேல ஏறும், அழுத்தத்துல யூரின் கொஞ்சம் அந்த டியூப் வழியாவே கிட்னிக்குத் திரும்பிப் போறதால வர்றது. அடிக்கடி போகணும்போல இருக்கும், போயிட்டு வந்த உடனே மறுபடி போகணும்னு தோணும், கொஞ்சம் அதிகமா நடந்தா யூரின் சிவப்பா வரும், தண்ணி நல்லா குடிச்சு படுத்தா தெளிஞ்சிடும். இதெல்லாம் ஸ்டென்ட்னாலதான்னு தெரியாம பயந்துபோறவங்க நிறைய பேர். குழாயத் தளர்த்தற டேம்சுலோசின் மாதிரி மாத்திரை குடுப்பாங்க, அது நிஜமாவே உதவும், தாங்க முடியலைன்னா பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்காம கேளுங்க.

இதுல நான் ரொம்ப அழுத்திச் சொல்றது ஒண்ணு: ஸ்டென்ட எப்ப எடுக்கணும்னு தேதி வாங்காம வீட்டுக்குப் போகாதீங்க. வலி குறைஞ்சதும் மறந்துட்டு மாசக்கணக்கா விட்டவங்களுக்கு அந்த டியூப் மேலயே கல்லு படிஞ்சு, அத எடுக்கவே தனியா ஒரு ஆபரேஷன் வேண்டி வந்திருக்கு, கிட்னியே போனவங்களும் இருக்காங்க. எடுக்கறது பெரும்பாலும் மரத்துப்போற ஜெல் போட்டு சில நிமிஷத்துல முடிஞ்சிடும்.

இன்னொண்ணையும் முன்கூட்டியே கேட்டு வச்சுக்கோங்க. சில பேருக்கு குழாய் ரொம்ப குறுகலா இருந்து ஸ்கோப் ஏறாது, அப்ப ஸ்டென்ட் மட்டும் வச்சு குழாய் விரியறதுக்கு விட்டு அப்புறம்தான் லேசர் பண்ணுவாங்க. அது ஆபரேஷன் ஃபெயிலியர் இல்ல, வம்படியா ஏத்தி குழாய கிழிக்காம விட்ட டாக்டர் நல்ல டாக்டர்.

ஆபரேஷன் தேதிக்காக காத்திட்டிருக்கும்போது காய்ச்சலோ குளிரோட நடுக்கமோ வந்தா அன்னைக்கே, ராத்திரியா இருந்தாலும், எமர்ஜென்சிக்குப் போங்க. அடைப்போட இன்ஃபெக்‌ஷன் சேர்ந்தா உயிருக்கே ஆபத்து, அந்த நேரத்துல கல்ல உடைக்க மாட்டாங்க, முதல்ல ஸ்டென்டோ வெளிய இருந்து ஒரு டியூபோ வச்சு தேங்கினத வடிச்சிடுவாங்க, கல்லு அப்புறம்தான்.

எடுத்த கல்லுத் துண்ட டெஸ்டுக்கு அனுப்பச் சொல்லுங்க. யூரிக் ஆசிட் கல்லுன்னு வந்தா அடுத்த தடவை வந்தாலும் சிட்ரேட் மருந்துலயே கரைக்கப் பாக்கலாம், கால்சியம் கல்லு அப்படிக் கரையாது.