மைக்ரோபயாலஜி படித்த மகளுக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை இருக்கிறது?

வணக்கம் ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் மகள் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி (கிருமிகளைப் பற்றிய படிப்பு) கடைசி வருடம். ஆஸ்பத்திரியில் பரவும் தொற்றுகளைத் தடுப்பது, ஆன்டிபயாடிக்கை அளவறிந்து கொடுப்பது பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாள். டாக்டருக்குப் படிக்காத பிள்ளைக்கு அங்கே என்ன வேலை, காலமெல்லாம் லேபிலேயே நின்றுவிடுவாளோ என்று நீங்கள் தவிக்கிறீர்கள். பி.எட். போட்டுவிடலாமா என்றும் கேட்கிறீர்கள். என் கருத்து, அவள் வழியில் விடுங்கள். ஆனால் எம்.எஸ்சி. சீட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மைக்ரோபயாலஜி லேபில் ஒரு மாதம் அவள் இருந்து பார்க்கட்டும்.

என்ன வேலை என்று சொல்கிறேன். ஐ.சி.யூ.வில் ஒருவருக்குக் காய்ச்சல். மருந்து ஏற்றும் முன்பே ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. வரை ரத்தம் எடுத்து, கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்ப வேண்டும். கிருமி வளர்ந்ததும் அதைத் தட்டில் பரப்பி, மேலே ஆன்டிபயாடிக் வில்லைகளை வைப்பார்கள். மறுநாள் காலை ஒவ்வொரு வில்லையைச் சுற்றியும் கிருமி வளராத வட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பார்கள். எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்பது அதில் தெரியும். அப்புறம் டாக்டர், மைக்ரோபயாலஜிஸ்ட், கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட், நர்ஸ் எல்லோரும் உட்கார்ந்து, கடுமையான மருந்தைக் குறைக்கலாமா, ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறலாமா, நிறுத்தியே விடலாமா என்று முடிவெடுப்பார்கள். இப்படி முடிவெடுப்பதால் உண்மையிலேயே பலன் இருக்கிறதா, எங்கே சறுக்குகிறது என்று கணக்கெடுத்துச் சொல்வதுதான் உங்கள் மகள் சொல்லும் ஆராய்ச்சி.

இதற்கு எப்போதும் புது மருந்து தேவைப்படுவதில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூறுக்கும் மேற்பட்ட ஐ.சி.யூ.க்களில் நடந்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. கழுத்திலோ மார்பிலோ பெரிய ரத்தக்குழாயில் டியூப் போடும்போது கை கழுவுவது, தோலைச் சரியாகச் சுத்தம் செய்வது, தேவை முடிந்ததும் டியூபை எடுத்துவிடுவது போன்ற ஐந்தே காரியங்களைத் தவறாமல் செய்ய வைத்தார்கள். ஒரு நோயாளிக்கு டியூப் இருக்கும் ஒரு நாளை ஒரு டியூப் நாள் என்பார்கள். 1,000 டியூப் நாட்களுக்கு 2.7 என்றிருந்த ரத்தத் தொற்றின் இடைநிலை அளவு மூன்று மாதத்தில் பூஜ்யமானது, அதாவது குறைந்தது பாதி ஐ.சி.யூ.க்களில் அந்தத் தொற்றே இல்லை. எத்தனை உயிர் என்று யோசித்துப் பாருங்கள்! 2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக 12.7 லட்சம் பேர் உலகெங்கும் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

'நம்ம ஊரில் யார் இதையெல்லாம் செய்கிறார்கள்' என்று நினைக்க வேண்டாம். என்.டி.எம்-1 என்ற மருந்தெதிர்ப்பு மரபணு பரவியிருப்பதைக் காட்டி, 2010-ல் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த கட்டுரையின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமரசாமி. அப்போது அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். ஆன்டிபயாடிக் விஷயத்தில் நாடு என்ன செய்ய வேண்டும் என்று மருத்துவச் சங்கங்கள் கூடி அறிக்கை தயாரித்ததும் 2012-ல் சென்னையில்தான். கிருமிகளின் எதிர்ப்புத்திறனைக் கண்காணிக்கும் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வலையமைப்பில் வேலூர் சி.எம்.சி.யும் புதுச்சேரி ஜிப்மரும் இருக்கின்றன.

வழிகள் இரண்டு. லேபில் ஆர்வம் என்றால் எம்.எஸ்சி. மெடிக்கல் மைக்ரோபயாலஜி, பிறகு சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் என்ற தேசியத் தேர்வு எழுதி பிஎச்.டி. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் உண்டு. உங்கள் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. கணக்கிலும் களத்திலும் ஆர்வம் என்றால் பொது சுகாதார முதுகலை. சென்னையில் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் அதை நடத்துகிறது. சேரத் தகுதி என்ன என்று அந்த வருடத்து அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். 

சிரமத்தையும் மறைக்கக் கூடாது. திட்டப் பணிகள் பெரும்பாலும் ஒப்பந்தம்தான். நிதி முடிந்தால் வேலையும் முடியும். பிஎச்.டி. முடிக்க நான்கைந்து வருடம் ஆகும். கல்யாணத்தை அதற்குள் நெருக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதைவிட முக்கியம் அவளுடைய சுபாவம். பெரும்பாலான ஆபரேஷன்களுக்கு, கத்தி வைப்பதற்கு ஒரு மணி நேரத்துக்குள் ஒரு டோஸ் ஆன்டிபயாடிக் போதும். ஆனாலும் பல இடங்களில் நாட்கணக்கில் தொடர்கிறது. பெரிய சர்ஜனிடம் போய், 'சார், இது இன்றோடு போதுமா?' என்று பணிவாகக் கேட்டு, அவர் முகம் சுளித்தாலும் மறுநாள் கணக்கோடு திரும்பிப் போகிற பிள்ளைக்குத்தான் இந்தத் துறை. கல்ச்சர் தட்டு மட்டும் பிடித்து, ஆட்களோடு பேசக் கூச்சப்படுகிறவள் என்றால் கிருமியின் மரபணு ஆராய்ச்சிக்குப் போகட்டும். அதுவும் நல்ல வழியே.

அதனால்தான் அந்த ஒரு மாதம் வேண்டும் என்கிறேன். துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கி, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் மைக்ரோபயாலஜி துறையில் கொடுக்கச் சொல்லுங்கள். போகும் முன் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி போட்டாளா என்று பாருங்கள். மூன்று ஊசிகளுக்கு ஆறு மாதம் பிடிக்கும், முதல் ஊசியை இந்த வாரமே போட்டுவிடலாம். அங்கே தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ் வார்டு சுற்றும்போது கூடவே போகிறேன் என்று அவளே கேட்கட்டும். மாதக் கடைசியில் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்காதீர்கள். என்ன பார்த்தாய் என்று கேட்டு, அவள் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.