கசிவது ஆயில் சீல்தானா?

கேள்வி: என் மாருதி 800-இல் கிராங்க் புல்லி பக்கம் ஆயில் கசிகிறது. சீலை வீட்டிலேயே மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் கசிவது சீல்தானா (கிராங்க் ஷாஃப்டைச் சுற்றி ஆயிலைத் தடுத்து நிற்கும் ரப்பர் வளையம்) என்று முதலில் உறுதி செய்யுங்கள். எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பேக்கிங்கில் கசியும் ஆயில் வழிந்து புல்லி அருகே வந்துதான் சொட்டும். நானும் ஒருமுறை இப்படி ஏமாந்து நல்ல சீலைப் பிடுங்கிப் போட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கழுவிக் காயவிட்டு, மேலிருந்து கீழாக முகப் பவுடரைத் தூவுங்கள். கொஞ்ச நேரம் எஞ்சினை ஓட்டி நிறுத்திவிட்டுப் பாருங்கள். பவுடர் முதலில் எங்கே நனைந்திருக்கிறதோ அங்கேதான் கசிவு.

சீல்தான் என்றால் டைமிங் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். அதற்கு முன் டைமிங் மார்க்குகளை (பெல்ட் ஓடும் சக்கரங்களில் இருக்கும் அடையாளங்கள்) சேர்த்து வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு தூரம் பிரித்த பிறகு மேலே கேம் ஷாஃப்டில் இருக்கும் சீலையும் மாற்றிவிடுவது நல்லது. ஆயில் பட்ட பெல்ட்டைத் துடைத்து மாட்டவே கூடாது, புதிது போடுங்கள்.

கேள்வி: சீலை எப்படிக் கழற்றுவது, எப்படி இறக்குவது?

ஸ்குரூ டிரைவரால் நெம்பும்போது ஷாஃப்டில் கீறல் விழுந்தால் புது சீலும் கசியும். சீலின் வெளிவட்டத்தில் சின்னத் துளை போட்டு, ஒரு ஸ்குரூவை முறுக்கி, அதைக் குறடால் பிடித்து இழுங்கள். பழைய சீலின் முகத்தில் 35×50×8 போல எண்கள் இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். கடையில் அதைக் காட்டினால் போதும்.

புது சீலின் ஸ்பிரிங் தெரியும் பக்கம் எஞ்சினுக்குள் பார்க்க வேண்டும். ரப்பர் உதட்டில் எஞ்சின் ஆயில் தடவுங்கள். சில புது எஞ்சின்களில் வரும் டெஃப்லான் சீலுக்கு மட்டும் எதுவும் தடவக்கூடாது, உலர்வாகவே போட வேண்டும். ஷாஃப்டின் சாவிக்காடி (சாவித்துண்டு உட்காரும் பள்ளம்) உதட்டைக் கிழிக்காமல் இருக்க அதன்மேல் டேப் சுற்றுங்கள். சீலின் வெளிவட்டத்தில் உட்காரும் பிவிசி குழாய்த் துண்டை வைத்துச் சமமாகத் தட்டினால் இறங்கிவிடும். ஒரு பக்கமாகத் தட்டினால் கோணிக்கொள்ளும்.

கேள்வி: மாற்றி ஒரு மாதம்தான் ஆகிறது, மறுபடி கசிகிறது. மட்டமான சீலா?

இருக்கலாம். ஆனால் நான் சீலைச் சந்தேகப்படுவது கடைசியில்தான். முதலில் பிரீதர் குழாயையும் பிசிவி வால்வையும் பாருங்கள். பிஸ்டன் இடுக்கு வழியாகக் கீழே இறங்கும் வாயு வெளியேற வழி அதுதான். கரி அடைத்துவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயிலை எந்தச் சீல் வழியாகவாவது தள்ளும். ஓடும் எஞ்சினில் ஆயில் மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று காற்று அடித்தால் சந்தேகம் அங்கேதான். பிரீதரைச் சுத்தம் செய்தும் அடிக்கிறதென்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம்.

அடுத்து ஷாஃப்ட். பழைய சீலின் உதடு வருடக்கணக்கில் உரசிய இடத்தில் பள்ளம் விழுந்திருக்கும். நகத்தால் வருடுங்கள், நகம் தட்டினால் பள்ளம். இடமிருந்தால் புது சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்கலாம். இல்லையென்றால் பள்ளத்தை மூடும் மெல்லிய உலோக உறையான ஸ்லீவை ஷாஃப்டில் ஏற்ற வேண்டும்.

கேள்வி: கசிவை நிறுத்தும் திரவம் ஊற்றினால்?

விறைத்துப்போன ரப்பரைக் கொஞ்சம் உப்ப வைக்கும், அவ்வளவுதான். கிழிந்த சீலுக்குப் பயனில்லை.

கேள்வி: பின்பக்க கிராங்க் சீல்?

கியர்பாக்ஸை இறக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வீட்டில் செய்யாதீர்கள், மெக்கானிக்கிடம் கொடுங்கள். கிளட்ச் பிளேட்டையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவின் பழைய அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல். பின்பக்க கிராங்க் சீல் எந்தக் கடையிலும் இல்லை என்கிறார்களே?

இருக்காது, அந்த எஞ்சினில் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது! கிராங்க் ஷாஃப்டிலேயே மரை போன்ற சுருள் வெட்டியிருப்பார்கள். சுழலும்போது அது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். நின்றதும் அந்த வேலையும் நின்றுவிடும், அதனால் ஓரிரு சொட்டு விழுவது சகஜம். சொட்டு குட்டையாகத் தேங்கினால் பிரீதரைப் பாருங்கள், அப்புறம் பேரிங் தேய்மானத்தை. அதுவரை அடியில் ஒரு பழைய தட்டு வைத்தால் போதும்.