எபிரேயப் புள்ளிகளை விட்டுவிட்டு வாசிக்கலாமா?

கேள்வி: 119ஆம் சங்கீதத்தில் ஆலெப், பேத் என்று தலைப்பாக வரும் 22 எபிரேய எழுத்துகளையும் கற்றுவிட்டேன். பழைய ஏற்பாட்டை மூலமொழியில் வாசிக்க ஆசை. ஆனால் மேலும் கீழும் உள்ள புள்ளிகள் குழப்புகின்றன. இஸ்ரேல் செய்தித்தாள்களில் அவை இல்லையே, நானும் விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். செய்தித்தாள் வாசிப்பவர்கள் அந்த மொழியிலேயே புழங்குகிறவர்கள். சொல்லைப் பார்த்ததும் ஓசை நாவில் வந்துவிடும். நமக்கு அப்படி வராது. சாமெக், பே, ரேஷ் மூன்றும் வெறுமனே நின்றால் 'ஸேஃபெர்' (புத்தகம்) என்றும் படிக்கலாம், 'ஸிப்பேர்' (விவரித்தான்) என்றும் படிக்கலாம்.

தமிழ்க் கண் இடறும் இடம் ஒன்று உண்டு. நம் 'க'வுக்குள் அகரம் இருக்கிறது, புள்ளி வைத்தால் அது நீங்கும். எபிரேயத்தில் நேர் எதிர்: வெறும் எழுத்து மெய்தான், புள்ளிதான் உயிர் தருகிறது. இதை மறந்து எல்லாவற்றையும் அகரம் சேர்த்தே படிப்பவர்கள் பலர்.

நிக்குத் எனப்படும் இந்தக் குறிகளை கி.பி. 7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில் திபேரியாவில் வாழ்ந்த மசோரெட் எனப்படும் யூத வேத அறிஞர்கள் வகுத்தார்கள். புனித எழுத்தில் கைவைக்காமல், வாய்வழி வந்த ஓசையை அதைச் சுற்றிக் குறித்த அவர்களுடைய பக்தி என்னை இன்றும் நெகிழ வைக்கிறது. ஜெப ஆலயத்தில் வாசிக்கும் தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்) சுருளில் இப்போதும் புள்ளி கிடையாது.

குறிகள் பல, ஒலி ஐந்துதான். எழுத்தின் அடியில் படுக்கைக் கோடு (பத்தாஹ்) வந்தால் 'அ'. அந்தக் கோட்டின் நடுவிலிருந்து சிறு கால் இறங்கினால் காமேட்ஸ்; அதுவும் பெரும்பாலும் 'அ'தான், 'ஹோக்மா' (ஞானம்) போன்ற சில சொற்களில் மட்டும் 'ஒ'. அடியில் ஒற்றைப் புள்ளி 'இ'. பக்கம் பக்கமாக இரண்டு புள்ளி வந்தாலும், முக்கோணமாக மூன்று வந்தாலும் 'எ'. மேலே இடப்பக்கப் புள்ளி 'ஒ'. சாய்வாக மூன்று புள்ளியோ, வாவ் எழுத்தின் நடுவில் ஒரு புள்ளியோ வந்தால் 'உ'. ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு புள்ளி ஷ்வா: உயிர் இல்லை, அல்லது மிகக் குறுகிய எகரம்.

புள்ளியை நம்பக் கூடாத முக்கியமான இடம் ஒன்று உண்டு. யோட், ஹே, வாவ், ஹே என்ற திருநாமத்தை யூதர்கள் உச்சரிப்பதில்லை. 'அதோனாய்' என்றே வாசிப்பார்கள். அதை நினைவூட்ட அச்சொல்லின் உயிர்க்குறிகளையே அங்கே இட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்ததில் பிறந்த வடிவம்தான் 'யெகோவா'.

எழுத்துகளையும் இன்னொரு முறை உற்றுப் பாருங்கள், குறிப்பாக தாலெத், ரேஷ் இரண்டையும். தாலெத்தின் மூலை கூர்மையானது, ரேஷின் மூலை வளைந்தது. உபாகமம் 6:4இன் கடைசிச் சொல் 'எஹாத்' (ஒருவர்). அதன் தாலெத்தை ரேஷாக எடுத்தால் 'அஹேர்' (வேறொருவர்) என்று படிக்க இடமாகிவிடும். சுருள்களில் அந்தத் தாலெத்தைப் பெரிதாக எழுதுவது மரபு.

அச்சுப் பதிப்புகளில் வளைவும் கொக்கியுமாக வேறு குறிகளும் தென்படும். அவை ராகமிட்டு ஓதுவதற்கானவை, தொடக்கத்தில் விட்டுவிடலாம். அடியில் நிற்கும் சிறு செங்குத்துக் கோடும் உயிர்க்குறி அல்ல. ரூத் புத்தகத்தில் தொடங்குங்கள். நான்கே அதிகாரம், தெளிவான கதை. தினம் இரண்டு வசனம் போதும், வாய்விட்டு வாசியுங்கள்.