உபோன் ராட்சதானி: ஜூலை பயணம் பற்றி

வணக்கம். ஜூலை கடைசியில் அம்மாவுடன் 2 நாள் தாய்லாந்தின் உபோன் நகருக்குப் போகிறீர்கள், ஒரு நாள் முழுக்க சாம் பான் போக் என்ற மேகோங் ஆற்றுப் பாறைப் பகுதிக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள், மழையில் படகு ஓடுமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அந்த நாளை மாற்றிவிடுங்கள். படகு ஓடுமா என்பது அடுத்த கேள்வி. பார்க்க அங்கே பாறையே இருக்காது. மேகோங் ஆறு வற்றும் மாதங்களில்தான் அந்தக் குழிப் பாறைகள் வெளியே தெரியும். மழைக்காலத்தில் எல்லாம் ஆற்றுக்கு அடியில்.

பதிலுக்கு பா தேம் தேசியப் பூங்கா போங்கள். அங்குள்ள சேங் சான் அருவியில் தண்ணீர் பாறையின் ஓட்டை வழியாக அப்படியே கீழே கொட்டும். மழை பெய்தால்தான் அதற்கு உயிர். பழங்கால ஓவியங்கள் இருக்கும் பாறைச் சரிவுக்கு இறங்கும் பாதை ஈரத்தில் வழுக்கும். அம்மாவை மேலேயே உட்காரவைத்து மேகோங்கையும் எதிர்க்கரை லாவோஸையும் பார்க்கச் சொல்லுங்கள், அதுவே போதும்.

முடிந்தால் தேதியை பௌர்ணமியை ஒட்டி வையுங்கள். பிக்குகள் 3 மாதம் மடத்தில் தங்கும் மழைக்கால விரதம் பெரும்பாலும் ஜூலைப் பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்கும். அப்போது துங் சி முவாங் பூங்காப் பக்கம் வரும் பெரிய மெழுகுச் சிற்பங்களின் ஊர்வலத்தை அம்மா மறக்கவே மாட்டார். அறை மட்டும் முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.

பயணம் செப்டம்பர், அக்டோபருக்குத் தள்ளிப்போனால் நகரை ஒட்டி ஓடும் மூன் ஆற்றின் தென்கரையான வாரின் சம்ராப்பில் தங்காதீர்கள். 2019-லும் 2022-லும் அங்கே வெள்ளம் புகுந்தது. ரயில் நிலையம் அந்தக் கரையில்தான், விமான நிலையம் வடகரையில்.