பழைய மெர்சிடிஸ் எஸ்எல் ஆர்129: என்ன சிறப்பு, வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

1989 ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமாகி 2001 வரை தயாரான, கூரை திறக்கும் கார் இது. மெர்சிடிஸின் வடிவமைப்புத் தலைவர் புரூனோ சாக்கோ தலைமையில் வடிவமைக்கப்பட்டது. கவிழப்போவதை உணர்ந்தால் இருக்கைகளுக்குப் பின்னால் மடங்கியிருக்கும் பாதுகாப்புக் கம்பி சுமார் 0.3 விநாடியில் எழுந்து நிற்கும். இதன் 500 எஸ்எல் ரகத்தின் 5 லிட்டர் வி8 எஞ்சின் 326 குதிரைத்திறன் தரும்.

துணிக்கூரை ஒரே பொத்தானில் அரை நிமிடத்தில் மடங்கும். தலைவலியும் அதில்தான். அதை எண்ணெய் அழுத்தத்தால் இயக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர்களின் சீல்கள் (கசிவைத் தடுக்கும் வளையங்கள்) வயதாகிக் கரைந்துபோகும். முன்கண்ணாடிச் சட்டத்தில் உள்ள சிலிண்டர் கசிந்தால் எண்ணெய் உங்கள் தலையிலேயே சொட்டும்! எனவே சன்வைசர் (வெயில் மறைப்பு) அருகே கறை இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். டிக்கியில் உள்ள பம்பின் எண்ணெய் அளவையும் பாருங்கள். ஒரு சிலிண்டர் போனால் மற்றவையும் வரிசையில் நிற்கும், எல்லாவற்றுக்கும் சேர்த்தே சீல் மாற்றுவதுதான் லாபம்.

அதைவிட மோசமானது 1992 முதல் 1995 வரையிலான வண்டிகளின் எஞ்சின் வயரிங். சூட்டில் வயர்களின் மேலுறை பொடிப்பொடியாக உதிர்ந்து ஷார்ட் ஆகும்; ஐடிலிங் தடுமாறும். வயரிங் மாற்றிய ரசீது இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சளாவது சகஜம். குளிரில் விறைத்திருக்கும்போது கூரையை மடக்கினால் அது விரிசல் விடும்.